ஒரு வாய் நல்லெண்ணெய்

நல்லெண்ணெய் வாய்க்குள் போனதும் முதலில் புதுசாக வந்த விருந்தாளி மாதிரி ஒரு ஓரமாக ஒதுங்கித்தான் இருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளகி, பல்லிடுக்கெல்லாம் நுழைந்து, நாக்குக்கு அடியில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, இனி இது என் வீடு, நீ வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிடும். ஞானசெல்விக்கு அது சுகமாக இருந்தது. சுகமாக இருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது. மதுரையில் எம்.ஏ. படித்த இரண்டு வருஷமும் எந்தக் கூட்டத்திலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நின்றவள், ஹாஸ்டல் சாம்பாரிலிருந்து அரசியல் சட்டம் வரைக்கும் எதை எடுத்தாலும் ‘அதெப்படிச் சொல்றீங்க’ என்று ஆரம்பிக்கிறவள், இப்போது விருதுநகரில் தன் வீட்டுப் பின்கட்டில், துவைகல்லுக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு, சாயம் போன நைட்டியோடு, வாய் நிறைய எண்ணெயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அதில் சுகம் வேறு. பின்னால் படியில் அம்மா சந்திரகனி. அம்மாவின் வாயிலும் எண்ணெய். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். அம்மா கிண்ணத்திலிருந்து வெதுவெதுப்பாக அள்ளி உச்சியில் வைத்துத் தட்டினாள், அந்தத் தட்டு மண்டைக்குள் இறங்கி, கண்ணுக்குப் பின்னால் போய், தூங்கேன் தூங்கேன் என்றது. தூங்கிவிடலாம்தான். மூன்று வாரமாகத் தூங்கவில்லை.

எண்ணெயை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குத் தள்ளும்போது கீழுதட்டின் உள்பக்கம் இருந்த புண் சுரீர் என்றது. அங்கே ஒன்று, நாக்கின் ஓரத்தில் ஒன்று, மேலண்ணத்தில் இன்னொன்று கிளம்புகிற மாதிரி ஒரு காந்தல். நாக்கு இருக்கிறதே, அதற்கு வேறு வேலையே கிடையாது, வலிக்கும் என்று தெரிந்தே போய்ப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வரும். இந்த வீட்டு விவாதம் மாதிரி. ஹைதராபாத் போகிறேன், பிஎச்.டி. சீட்டு கிடைத்திருக்கிறது, உதவித்தொகையோடு கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை அங்கே நின்றாக வேண்டும் என்று அவள் சொன்ன நாளிலிருந்து இதே இடத்தைத்தான் வீடு தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. அப்பாவுக்கு அவள் பி.எட். படிக்க வேண்டும், சிவகாசியில், பெரியப்பாவுக்குத் தெரிந்தவர் நடத்துகிற காலேஜில், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரும்படி. அவள் காரணம் சொன்னாள். அப்பா காரணம் சொல்லவில்லை, ‘அதெல்லாம் சரிப்படாது’ என்றார். அவள் மறுபடியும் காரணம் சொன்னாள். எதிராளி காரணமே சொல்லாத விவாதத்தில் எப்படி ஜெயிப்பது என்று எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரவில்லை. கோபத்தில் உதட்டுத் தோலைப் பல்லால் கடித்துக் கடித்து உரித்ததில் உதடு வெடித்துப் பாளமாகிவிட்டது, தலை சீவினால் சீப்பு நிறைய முடி, நேற்றைக்கு வாயே திறக்க முடியவில்லை. உடனே வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது. உதட்டுக்கு வெண்ணெய் தடவு. வாய்க்கு மணத்தக்காளிக் கீரை தின்னு. தலைக்கு எண்ணெய் வை. எல்லாம் நல்ல வைத்தியம், அவள் மறுக்கவில்லை. ஆனால் ஏன் வெடிக்கிறது, ஏன் புண்ணாகிறது, ஏன் கொட்டுகிறது என்று ஒரு ஆள் கேட்டதுண்டா? டிவியில் ஒருத்தி ஷாம்பூவை மாற்றியதும் வாழ்க்கையே மாறிப்போய்க் கூந்தலை விசிறிக்கொண்டு ஓடுகிறாள். எங்கே ஓடுகிறாள்? ஹைதராபாத்துக்கா? அவள் அப்பா விட்டுவிட்டாரா?

முன்னறையில் அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். அப்பா தனபாலன் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். நாள் முழுக்க பஸ் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், பெரியப்பாவும் சிவகாசியிலிருந்து போன் இல்லாமலே கேட்கிற மாதிரிதான் பேசுவார். “அண்ணே, அவ அடங்கிட்டாண்ணே. நேத்துலருந்து வாயே தொறக்கலை.” வாயே திறக்கவில்லையாம். வாயில் புண் அப்பா. “நான்தான் சொன்னேன்ல,” என்றார் பெரியப்பா, “ரெண்டு நாளு குதிப்பா, அப்புறம் தன்னால அமுங்கிரும்னு. பொம்பளப் புள்ள பேசாம இருந்தா சரின்னுதாம்ப்பா அர்த்தம். கரஸ்பாண்டன்ட் இப்பப் பூஜையில இருக்காராம். வெளிய வந்ததும் சொல்லிப்புடுவேன். நல்லா யோசிச்சுக்க, நான் வாக்குக் குடுத்துட்டா அம்புட்டுத்தான், அப்புறம் எம்பேரு கெட்டுப்போகும்.” “அதெல்லாம் யோசிக்கவே வேணாம்ணே.” “அப்பக் கேட்டு வையி. நான் இப்பக் கூப்பிடுறேன்.” ஞானசெல்வி எண்ணெயை வலது கன்னத்தில் நிறுத்தினாள். பெரியப்பா வாக்குக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அண்ணன் கொடுத்த வாக்கை மீறுவதைவிடத் தண்டவாளத்தில் தலை வைப்பது மேல் என்று நினைக்கிற ஆள் அப்பா. அவள் இந்த எண்ணெயைத் துப்பிவிட்டு எழுந்து போய் நான் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் போதும். இரண்டு எட்டில் சாக்கடை. துப்புவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஆனால் இன்னும் வெள்ளையாகியிருக்காது. சரியாகக் கொப்பளித்தால் எண்ணெய் நீர்த்து, பால் மாதிரி வெள்ளையாகத்தான் வெளியே வரும், மஞ்சளாகவே வந்தால் நீ ஒழுங்காகக் கொப்பளிக்கவில்லை, சும்மா வாயில் வைத்திருந்தாய் என்று அர்த்தம், அம்மாதான் சொல்லியிருக்கிறாள். அதனால் இன்னும் கொஞ்சம் கொப்பளிக்கலாம். இது காரணமா, சாக்கா? மேடையில் எதிரணிக்காரி இப்படி ஒரு காரணம் சொன்னால் அவளை அங்கேயே உரித்துத் தொங்கவிட்டிருப்பாள். இப்போது உரிக்கத் தெம்பில்லை. கொஞ்ச நேரம். எண்ணெய் வாயில் இருக்கிற வரைக்கும் யாரும் அவளைப் பேசச் சொல்ல முடியாது, அவளே அவளைப் பேசச் சொல்ல முடியாது.

அம்மாவின் விரல்கள் காதுக்குப் பின்னால் வந்தன. அங்கே சுழித்து, பிடரிக்கு இறங்கி, மறுபடியும் மேலே ஏறின. அம்மா காலையில் எழுந்ததும் ஒரு கரண்டி நல்லெண்ணெயை வாயில் ஊற்றிக்கொள்கிறவள், அதனால்தான் பல் ஒன்றுகூட ஆடவில்லை என்று தெருவே சொல்லும். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஞானசெல்வி என்ன கேட்டாலும் அம்மா கன்னத்தை விரலால் தொட்டுக்காட்டுவாள். எண்ணெய் இருக்கிறது, பிறகு பேசு. ‘அம்மா, சாக்ஸ் எங்க?’ கன்னம். ‘அம்மா, டிபன் பாக்ஸ்?’ ம்ம், என்று அடுப்பங்கரைப் பக்கம் தாடை போகும். ஒரு ம்ம்-முக்கும் இன்னொரு ம்ம்-முக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற பாஷையில் அவள் இன்றைக்கும் புலி. அந்நேரம் அப்பா முன்னறையில் ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டே அன்றாட அர்ச்சனையை ஆரம்பித்திருப்பார், நேற்று வைத்த குழம்பு, கரண்ட் பில், அம்மாவின் தம்பி, அம்மாவின் தம்பியின் மோட்டார் சைக்கிள், எல்லாவற்றுக்கும் அடுப்பங்கரையிலிருந்து ம்ம். அப்பா பஸ் ஏறப் போனதும் அம்மா பின்கட்டுக்கு வந்து துப்புவாள். காலேஜில் ஒரு பட்டிமன்றம், மௌனம் பலமா பலவீனமா என்று, ஞானசெல்வி பலவீனம் என்று பேசி ஒரு கேடயம் வாங்கினாள், மௌனமாக இருப்பவர்களின் சார்பாக எப்போதும் வேறு யாரோதான் பேசிவிடுகிறார்கள் நடுவர் அவர்களே என்று அவள் முடித்தபோது கைதட்டல் அடங்க நேரமானது. கேடயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டிய காலையில் அம்மா அதைக் கையில் வாங்கி, முந்தானையால் துடைத்து, அலமாரியில் வைத்துவிட்டு, கன்னத்தைத் தொட்டுக்காட்டினாள். அதைச் சொல்லி ஹாஸ்டலில் சிரித்திருக்கிறாள். இப்போது அந்தக் கைதட்டலெல்லாம் எங்கே? அதில் ஒரு நாலு கை இங்கே வந்து அப்பாவின் போனைப் பிடுங்கக் கூடாதா?

அப்பா பின்கட்டு வாசலில் வந்து நின்றார், பனியனும் லுங்கியுமாக, கையில் போன். எண்ணெய்த் தலைக்கு எதிரே வரக் கூடாது என்று நிலைக்கு உள்ளேயே நின்றுகொண்டார், நல்ல காரியம் பேசும்போது எண்ணெய்த் தலை கண்ணில் பட்டால் காரியம் கெடும், அதற்காக முகத்தைக் கொஞ்சம் துவைகல் பக்கமாகத் திருப்பியும் வைத்துக்கொண்டார். “என்ன, அண்ணங்கிட்டச் சொல்லிரவா?” என்று துவைகல்லைக் கேட்டார். அம்மா கன்னத்தைத் தொட்டுக்காட்டினாள். “ஒனக்குச் சம்மதந்தான?” ஞானசெல்வி அப்பாவைப் பார்த்தாள். அவர் முகம் மோசமான முகம் இல்லை. அதுதான் கஷ்டம். மோசமான முகமாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போய்விடலாம். அவள் பிறந்த அன்று டிப்போவில் எல்லோருக்கும் சேவு வாங்கிக் கொடுத்தவர், ஹாஸ்டலில் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ராத்திரி சர்வீஸைப் பிடித்து வந்து வார்டனிடம் சண்டை போட்டவர். துப்பு. இப்போது துப்பு. துப்பிவிட்டுச் சொல். எதைச் சொல்ல? சொன்னதையேதானே. சொன்னால் அவர் ‘அதெல்லாம் சரிப்படாது’ என்பார், இவள் அதெப்படிச் சொல்றீங்க என்பாள், அவர் சத்தம் போடுவார், அம்மா அழாமல் அழுவாள், இன்னும் ஒரு புண் வரும். கடவுளே, என்ன அலுப்பு. அலுப்புக்கு ஒரு எடை உண்டு என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது, ஈரச் சாக்கு மாதிரி, தோளில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது. அவள் விரல் தன்னால் மேலே போய்க் கன்னத்தைத் தொட்டது. அப்பா சிரித்துவிட்டார். “ரெண்டு பேரு வாயிலயும் எண்ணெயா! அடேயப்பா, அதான் வீடு இம்புட்டு நிம்மதியா இருக்கு. எல்லா நாளும் வெள்ளிக்கெழமையா வந்தா எவ்வளவு நல்லாருக்கும்.” உள்ளே போய்விட்டார். நாற்காலி இழுபடும் சத்தம். போனுக்காகக் காத்திருக்கிறார்.

கன்னத்தைத் தொட்ட விரல் இன்னும் கன்னத்திலேயே இருந்தது. அது யாருடைய விரல்? எண்ணெய்ப் பிசுக்கோடு, நகத்தில் பழைய மருதாணியோடு, தன்னுடையதுதான், ஆனால் அந்த வளைவு, அந்தத் தொடல், முகத்தைச் சற்றே சாய்த்து, மன்னிக்கணும் பேச முடியாத நிலையில் இருக்கிறேன் என்கிற அந்த மரியாதை. அதெல்லாம் அம்மாவுடையது. முடி கொட்டுகிறதே என்று இத்தனை நாள் பயந்தது ஒரு பயமா? அம்மா பின்னால் சிக்கு எடுத்தாள், விரலோடு வந்த முடியை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சுண்டுவிரலில் சுற்றி, பந்தாக்கி, ஜன்னல் கம்பி இடுக்கில் செருகினாள். வழக்கமாகத் தூ தூ என்று மூன்று முறை துப்பித்தான் எறிவாள், துப்பாத முடியைப் பார்த்து யாரும் கண் வைத்துவிடக் கூடாது என்று. இன்றைக்கு வாயில் எண்ணெய், அதனால் முடி காத்திருக்கிறது. எல்லாம் காத்திருக்கின்றன. முடி, போன், கரஸ்பாண்டன்ட், ஹைதராபாத். அவள் எண்ணிப் பார்த்தாள், சிவகாசி பஸ் போகும், வரும், பி.எட். முடியும், அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, யாராவது ஒருவன் வருவான், நல்லவனாகக்கூட இருப்பான், பாலீஷ் போட்டுக்கொண்டே பேசுவான், அவள் ஒரு கரண்டி நல்லெண்ணெயை எடுப்பாள், பல் ஒன்றும் ஆடாது, தெருவே மெச்சும். தாடை வலித்தது. கொப்பளிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது, சும்மா வைத்துக்கொண்டிருந்தாள். அவசரமாக மறுபடியும் கொப்பளித்தாள், புண்ணெல்லாம் காந்தக் காந்த, வேகமாக.

அம்மா எழுந்தாள். முழங்காலில் கை ஊன்றி, துவைகல்லைச் சுற்றிப் போய், சாக்கடை ஓரத்தில் குனிந்து, துப்பினாள். ஞானசெல்வியும் எழுந்து பக்கத்தில் போய்க் குனிந்து துப்பினாள். அவள் துப்பியது சிமிண்டுத் தரையில் வெள்ளையாக விழுந்தது, நீர்த்து, நுரைத்து, புண்ணின் சிவப்பு ஒரு நூலாக ஓட, அம்மா சொன்ன மாதிரியே பால். அதற்கு ஒரு சாண் தள்ளி அம்மாவுடையது. மஞ்சள். செக்கிலிருந்து அப்போதுதான் வாங்கி ஊற்றியது மாதிரி, பளபளவென்று, கெட்டியாக, ஒரு நுரை இல்லாமல், மஞ்சள். ஞானசெல்விக்கு முதலில் புரியவில்லை. எழுந்து பல் விளக்கிய நேரத்திலிருந்து வைத்திருக்கிறாள், எப்படி மஞ்சள்? பிறகு புரிந்தது. அம்மா கொப்பளிக்கவே இல்லை. ஒரு முறைகூட இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளவில்லை. வாயை மூடிவைக்க ஒரு பொருள் வேண்டும், அதற்கு எண்ணெய். இன்றைக்கு மட்டுமா? அந்தச் சாக்ஸ் காலையிலும், கேடயம் வந்த காலையிலும், அப்பாவின் ஷூ பளபளத்த எல்லாக் காலையிலும் இதே மஞ்சள்தானா? ஒழுங்காகக் கொப்பளி, வெள்ளையாக வரணும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், தான் எதற்காக வைத்திருக்கிறோம் என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மா செம்பில் தண்ணீர் மொண்டு சாக்கடையில் ஊற்றினாள். வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்து ஓடின. நிமிரும்போது மகள் பார்த்ததைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. வாய் காலியாகத்தான் இருந்தது.

முன்னறையில் போன் அடித்தது. “சொல்லுங்கண்ணே,” என்றது அப்பாவின் தொண்டை. “பூஜை முடிஞ்சுதாம்,” என்றார் பெரியப்பா, “பக்கத்துலதான் நிக்கேன். சொல்லிரவா? கேட்டியா அவகிட்ட?” அம்மாவின் கை படியில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போனது. கரண்டியை எடுத்து, நிதானமாக முக்கி, வழியாமல் தூக்கி, தன் வாயில் ஊற்றிக்கொள்ளப்போனவள் நின்று, அதை மகள் பக்கமாக நீட்டினாள். உனக்கு முதலில். பிள்ளைக்கு முதல் கவளம் ஊட்டுகிற அதே கை, அதே பிரியம், கீழே சிந்தாமல் இருக்க இடது கையை அடியில் பிடித்திருந்தாள். அம்மாவின் கண்ணில் கெஞ்சல் இருந்ததா, வேண்டாம் வம்பு என்றதா, இல்லை இது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது வாங்கிக்கொள் என்றதா, அந்த பாஷையில் புலியான ஞானசெல்விக்கே தெரியவில்லை. வாங்கிக்கொள்ளலாம். வாயைத் திறந்தால் போதும். என்ன சுகமாக இருக்கும்.

“கேட்டேண்ணே. அவளுக்குச்…”

“வேணாம்மா,” என்றாள் ஞானசெல்வி. இரண்டு நாளாக மூடியிருந்த வாயிலிருந்து அது கரகரப்பாக வந்தது, வெடித்த உதடு நடுவில் பிளந்து உப்புக் கரித்தது. அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. எண்ணெய் நெற்றியில் வழிந்து புருவத்தில் இறங்க, ஜன்னல் இடுக்கில் துப்பாத முடி ஆட, அவள் படியேறி, அடுப்பங்கரையைத் தாண்டி, எண்ணெய்த் தலையோடு, அப்பா எதிரே வரக் கூடாது என்று சொல்லும் அதே எண்ணெய்த் தலையோடு, நேராக அவர் முகத்துக்கு முன்னால் போய் நின்றாள். அப்பா பதறிப் போனை நெஞ்சோடு அணைத்தார். “ஏ, ஏ, எதுக்க வராத! நல்ல காரியம் பேசுறேன்ல!”

“அதெப்படிச் சொல்றீங்க?” என்றாள். நாக்கு புண்ணில் இடித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஈரச் சாக்கு இன்னும் தோளில்தான் இருந்தது. பின்கட்டில் ஒரு கரண்டி கிண்ணத்தில் திரும்ப விழும் சத்தம் கேட்டது, பிறகு, தூ தூ தூ என்று அம்மா முடியைத் துப்பி எறியும் சத்தம். ஞானசெல்வி கையை நீட்டினாள். “போனக் குடுங்கப்பா. பெரியப்பாகிட்ட நானே சொல்றேன்.”